யந்திரக் கையும் நம்மவர் கையும்

உலகத்தின் எந்த மூலையில் எந்தப் புதுமை நிகழ்ந்தாலும், அதனைக் கேட்டு வியந்து கை தட்டுவதில் நம்மவர்க்கு ஈடாக ஒருவரையும் சொல்ல முடியாது. 2024-ம் வருஷத்தில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரத்து மன்னர் பைசல் ஆஸ்பத்திரியில், பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு, முற்றிலும் ரோபோ யந்திரத்தின் துணைகொண்டே இருதயம் மாற்றும் ரண சிகிச்சை நடந்தேறியது. அதே வருஷம் அக்டோபர் மாதத்தில், நியூயார்க் நகரில் ஐம்பத்தேழு வயது அம்மையார் ஒருவருக்கு இரண்டு நுரையீரல்களையும் அவ்விதமே மாற்றிப் பொருத்தினர். இச்செய்திகள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்து உலு திராம் வரையில் வந்து சேர்ந்தன. "மனிதன் பிரம்மாவாகி விட்டான்" என்று சிலர் மகிழ்ந்தனர். "இதெல்லாம் நம் முன்னோர் அறிந்ததே" என்று வேறு சிலர் பெருமை கொண்டனர். ஆனால், அப்பையனின் மார்பிலே வைக்கப்பட்ட இருதயம் எங்கிருந்து வந்தது என்று அவர்களில் ஒருவரேனும் கேட்டதாக நாம் அறியோம்.

அது யந்திரத்திலிருந்து வரவில்லை. யாரோ ஒரு குடும்பத்தார், தம் வீட்டில் சாவு விழுந்த அந்தக் கொடிய நேரத்திலே, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன ஒரு சொல்லிலிருந்து வந்தது. அந்த ஒரு சொல்லைச் சொல்ல நமது சமூகம் ஆயத்தமாய் இருக்கிறதா என்பதே நாம் இங்கே கேட்க வந்த கேள்வி. இல்லை என்பதே நமது விடை. அதனை மறைக்காமல் சொல்வது நம் கடமையென்று கருதுகிறோம்.

முதலில் இந்த யந்திரம் இன்னதென்று தெரிந்துகொள்வது நலம். ரோபோ என்றவுடன், தானே யோசித்துத் தானே கத்தி எடுக்கும் இரும்பு மனிதன் ஒருவனைப் பலர் மனத்தில் கற்பித்துக்கொள்கின்றனர். அது பிசகு. ரண சிகிச்சை அறையின் ஒரு புறத்தில் வைத்தியர் ஒரு மேடையின்முன் அமர்ந்திருப்பார். அவர் கண்முன் நோயாளியின் உள்ளுறுப்புக்கள் பத்து மடங்கு பெரிதாகவும், ஆழம் தெரியும்படியாகவும் காட்டப்படும். அவர் விரலை அசைத்தால், சில அடி தூரத்தில் நோயாளியின் உடலினுள் சிறு துவாரங்களின் வழியே நுழைந்திருக்கும் மெல்லிய கருவிகள் அசையும். மனிதக் கைக்கு இயல்பான நடுக்கத்தை யந்திரம் வடிகட்டி விடும். மணிக்கட்டுத் திரும்பாத கோணத்திலும் அக்கருவி திரும்பித் தைக்கும். இவ்வளவே அதன் சாமர்த்தியம். வைத்தியர் கையை எடுத்துவிட்டால் யந்திரமும் சும்மா நிற்கும்.

இந்தக் கலை ஒரே நாளில் வானத்திலிருந்து விழுந்துவிடவுமில்லை. 1954-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே என்பார், இரட்டைப் பிள்ளைகளில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்கு வைத்துப் பிழைப்பித்தார். அதற்காக 1990-ம் வருஷத்தில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1967-ம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் கிறிஸ்டியன் பர்னார்ட் என்பார் முதன்முதலாக ஒரு மனிதனின் இருதயத்தை மற்றொரு மனிதனுக்குப் பொருத்தினார். நமது மலேசியாவும் இதில் அதிகம் பின்தங்கி விடவில்லை. 1975-ம் வருஷத்திலேயே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர் ஹுசேன் அவாங் தலைமையில், சிறுநீரக மாற்று நடந்தது. 2000-ம் வருஷத்தில் அமெரிக்க அரசாங்கத்தார் டாவின்சி என்னும் ரோபோ யந்திரத்தை உபயோகிக்க அனுமதி தந்தனர். 2002-ம் வருஷத்தில் பிரெஞ்சு தேசத்தில் அதன் துணைகொண்டு சிறுநீரகம் பொருத்தப்பட்டது.

இவ்வழியில் நம் பக்கத்தாருக்கும் பங்குண்டு. புதுச்சேரி ஜிப்மர் கல்லூரியில் வைத்தியம் பயின்று, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பேர் பெற்ற மணி மேனன் என்பாரும், டில்லியை அடுத்த குர்காவில் உள்ள மேதாந்தா ஆஸ்பத்திரியாரும் கூடி, 2013-ம் வருஷத்தில் ரோபோ முறையில் சிறுநீரகம் மாற்றுவதற்கு ஒரு சீரான முறையை வகுத்தனர். உடலிலிருந்து எடுத்த சிறுநீரகம் சூடேறினால் கெட்டுப்போகும். ஆதலால் அதனைப் பனிக்கட்டித் துகளோடு துணியிற் சுற்றி, தொப்புளருகே இட்ட சிறிய கீறலின் வழியாக உள்ளே செலுத்தி, குளிர்ச்சி மாறாமலே இரத்தக் குழாய்களைத் தைத்து முடிக்கும் முறை அது. பழைய முறையில் அடிவயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிக்க வேண்டும். பருத்த உடலுடையோர்க்கு அந்தப் புண் சீழ் பிடித்து வருத்துவதும் உண்டு. புது முறையில் கீறல் சிறிது, வலி குறைவு, புண் கெடுவதும் குறைவு. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். விஞ்ஞானத்தைப் பழிக்க நாம் பேனா எடுக்கவில்லை.

ஆனால், இந்த யந்திரம் எத்தனை கோடி விலை பெற்றாலும், ஒரு சிறுநீரகத்தை உண்டாக்கும் வல்லமை அதற்கு இல்லை. இருப்பதை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்தில் தைப்பதே அதன் தொழில். கொடுப்பாரின்றேல், அது தையற்காரன் வீட்டில் துணியில்லாமற் கிடக்கும் தையல் யந்திரமே.

நமது தேசத்தின் நிலையைப் பாருங்கள். மலேசியாவில் இரத்தச் சுத்திகரிப்பாகிய டயாலிசிஸ் சிகிச்சையால் உயிர் தாங்குவோர் 50,000 பேருக்கு மேற்பட்டவர். சிறுநீரகம் வேண்டிப் பதிவேட்டில் காத்திருப்போர் 10,000 பேருக்கு மேற்பட்டவர். இறந்தபின் உறுப்புக் கொடுப்போரோ, பத்து லட்சம் ஜனத்துக்கு ஏறக்குறைய ஒருவர். ஸ்பெயின் தேசத்தில் அதே பத்து லட்சத்துக்கு 2023-ம் வருஷத்தில் நாற்பதைத் தாண்டியிருந்தது. அவர்களுடைய உடல் வேறு மண்ணால் ஆனதா என்று கேட்கிறோம்.

இந்த வியாதியில் நம் இனத்தார் பங்கு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். 2019-ம் வருஷத்துத் தேசிய சுகாதாரக் கணிப்பின்படி, இந்நாட்டு வயது வந்தோரில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. இந்தியரை மட்டும் தனியே எடுத்தால் நூற்றுக்கு 31 பேர். சர்க்கரை வியாதியே சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதன்மையானது. ஆகவே, கேட்டு நிற்கும் வரிசையில் நம்மவர் முன்வரிசையிலே இருக்கிறார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதுவோர்க்கு இது ஏட்டிலேயே தெரியும். செக்ரோலில் ஒருவன் பேர் வாரத்துக்கு மூன்று நாள் விழாமற் போகத் தொடங்கினால், காரணத்தை வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. அந்த மூன்று நாளும், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், அவன் ஜோகூர் பாருவில் ஒரு யந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறான். போக்குவரத்துக்கு ஒரு செலவு; போன நாளின் கூலி ஒரு நஷ்டம்; திரும்பி வந்த மாலையில் எழுந்து நிற்கவும் வலுவில்லை. ஒரு சிறுநீரகம் கிடைத்தால் இவ்வளவும் தீரும். கிடைப்பதில்லை. ஏன்?

ஏனென்றால், "உடம்பை முழுசாக அனுப்ப வேண்டும்" என்கின்றனர் நம் பெரியவர்கள். கண்ணை எடுத்தால் அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறப்பானாம். சிறுநீரகத்தை எடுத்தால் ஆவி சாந்தியடையாதாம். இந்தப் பேச்சைச் சற்றே அலசிப் பார்ப்போம். பிரேதத்தைப் புதைத்து, அது ஒருநாள் எழுந்து வரும் என்று நம்புகிறவர்கள் இப்படிச் சொன்னால், அதில் ஒரு நியாயமாவது இருப்பதாகத் தோன்றும். அவர்களே இப்படிச் சொல்வதில்லை. இந்நாட்டு இஸ்லாமிய அறிஞர் சபை 1970-ம் வருஷத்திலேயே கண்ணையும் இருதயத்தையும் மாற்றிப் பொருத்துவது ஆகும் என்று தீர்ப்பளித்து விட்டது. கிறிஸ்தவ சபைகளும் இதனை அன்பின் செயலென்று போற்றுகின்றன. பிணத்தைச் சிதையில் வைத்து, இரண்டு மணி நேரத்தில் பிடி சாம்பலாக்கி, அதையும் கடலில் கரைத்துவிட்டு வீடு திரும்பும் நாமல்லவா "முழுசாக அனுப்ப வேண்டும்" என்று வாதாடுகிறோம்! நெருப்புக்குக் கொடுக்கலாம், நீருக்குக் கொடுக்கலாம், மனிதனுக்கு மட்டும் கொடுக்கலாகாது என்பது எந்தச் சாஸ்திரம்? எரியும் சிதையில் இரண்டு சிறுநீரகமும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துத்தான் யமன் கதவு திறக்கிறானா?

இதிலே வேடிக்கை யாதெனின், இப்படிப் பேசுவோரே கண்ணப்ப நாயனார் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுவோர். வேடன் ஒருவன் தன் கண்ணைத் தானே அகழ்ந்து சிவலிங்கத்துக்கு அப்பினான் என்று கதாகாலட்சேபம் நடக்கும்போது உருகாத நெஞ்சமில்லை. உயிரோடிருக்கையில் தன் கண்ணைத் தோண்டிக் கல்லுக்குக் கொடுத்தவன் நமக்கு நாயனார். உயிர் போனபின், தனக்கு எவ்விதத்திலும் பயன்படாத கண்ணைக் கண்ணில்லாத மனிதனுக்குக் கொடுப்பவன் மட்டும் மறுபிறவியில் குருடனா? கண்ணப்பன் மறுபிறவியில் குருடனாய்ப் பிறந்தான் என்று எந்தப் புராணிகராவது சொன்னதுண்டா? புறாவுக்காகத் தன் தசையை அரிந்து வைத்த சிபிச் சக்கரவர்த்தியின் வழி வந்தவர்கள் நாம் என்று மேடைகளிற் பெருமை பேசுகிறோமே, அந்தச் சிபி உடம்பை முழுசாக வைத்திருந்தாரா?

இன்னொரு கூட்டத்தார் இருக்கின்றனர். இவர்களுக்கு எந்த விஞ்ஞானமும் புதிதல்ல. 2014-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரித் திறப்பு விழாவில், இந்தியப் பிரதம மந்திரி நரேந்திர மோடி அவர்களே, பிள்ளையாருக்கு யானைத் தலை பொருத்தப்பட்டதை எடுத்துக்காட்டி, அக்காலத்தில் அத்தகைய ரண சிகிச்சை வல்லுநர் இருந்திருப்பார் என்று பேசினார். இதனைக் கேட்டு இங்குள்ள நம்மவரும் மார் தட்டினர். மிக நன்று, ஒரு வாதத்துக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உறுப்பு மாற்றுதல் உங்கள் மதத்துக்கு உடன்பாடான காரியமல்லவா? யானையின் தலையை ஏற்ற தெய்வத்தைத் தெருவுக்குத் தெரு வைத்துக் கும்பிடும் நீங்கள், மாண்டுபோன மனிதனின் சிறுநீரகத்தை மற்றொருவருக்குக் கொடுப்பதைத் தீட்டென்பதேன்? பெருமை பேச மட்டும் புராணம், கொடுக்க வேண்டிய வேளையில் சாஸ்திரம் என்றால், இதற்குப் பெயர் பக்தியன்று, கஞ்சத்தனம்.

அடுத்தபடியாக ஓர் அச்சம் சொல்லப்படுகிறது. "உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்திட்டால், டாக்டர்கள் நம்மைப் பிழைக்க வைக்காமலே அறுத்துவிடுவார்கள், மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே இறந்துவிட்டான் என்பார்கள்" என்று. இது மூடத்தனமென்று தள்ளாமல் விளக்கம் சொல்ல வேண்டிய அச்சம். மூளைத் தண்டு செத்துப்போன ஒருவனுக்குத் தானாக மூச்சு வராது. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காது. தொண்டையைத் தூண்டினாலும் இருமல் எழாது. மார்பை ஏற்றி இறக்குவது சுவாச யந்திரம். அதை நிறுத்தினால் சிறிது நேரத்தில் இருதயமும் நின்றுவிடும். மயக்கத்திற் கிடப்பவன் வேறு, இவன் வேறு. மயக்கத்திலிருப்பவன் விழிக்கலாம்; மூளை மரணம் அடைந்தவன் விழித்ததில்லை. உறுப்பு மாற்றுவதில் சம்பந்தமில்லாத நிபுணர் இருவர், ஒரு முறைக்கு இரு முறை சோதித்து உறுதி சொன்ன பின்னரே பேச்சு எழும். அந்தப் பேச்சும் குடும்பத்தாரோடு நடக்கும் பேச்சேயன்றிக் கட்டாயமன்று.

சட்டமோ பழைய சட்டம். 1974-ம் வருஷத்து மனிதத் திசுச் சட்டம் நடப்பிலுள்ளது. ஒருவர் எழுத்து மூலமாகவோ, கடைசி நோயின்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாய்மொழியாகவோ சம்மதம் சொல்லியிருந்தால் போதும் என்று அச்சட்டம் சொல்கிறது. ஆயினும் நடைமுறையில், துக்கத்திலிருக்கும் குடும்பம் வேண்டாமென்றால் வைத்தியர்கள் வற்புறுத்துவதில்லை. ஆகவே, மகன் ஆயிரம் முறை கையொப்பம் இட்டிருந்தாலும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் ஒரு மாமனின் "அதெல்லாம் நம்ம வழக்கமில்லை" என்ற ஒரு பேச்சில் அத்தனையும் வீணாகிப்போகிறது. செத்தவனின் சொல்லைக் காப்பதே பெரிய கருமமென்று பதினாறு நாள் சடங்கு செய்யும் நாம், அவன் எழுதிவைத்த கடைசிச் சொல்லை முதல் நாளே மீறுகிறோம்.

மூன்றாவது ஆட்சேபணை வலிமையுள்ளது. "இதெல்லாம் பணக்காரர்க்கு, ஏழை கொடுப்பான், பணக்காரன் வாங்குவான்" என்கின்றனர் தொழிலாளத் தோழர்கள். இதனை நாம் மறுக்க மாட்டோம். சென்னை வில்லிவாக்கத்துக்குக் "கிட்னிவாக்கம்" என்று பேர் வந்த கதை உலகறிந்தது. 2004-ம் வருஷத்துக் கடல்கோளுக்குப் பின், எர்ணாவூர் முகாமில் குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் தம் சிறுநீரகத்தை விற்றுக் கடன் தீர்த்த கொடுமை 2007-ம் வருஷத்தில் வெளிப்பட்டது. 2025-ம் வருஷத்திலே நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளரிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய செய்தி மறுபடியும் எழுந்தது. யந்திரக் கை எவ்வளவு நயமாகத் தைத்தால் என்ன? தைக்கப்படும் உறுப்பு ஒரு கடன்காரத் தாயின் விலாவிலிருந்து விலைக்கு வாங்கியதாயின், அந்த நயமான தையல் நம் வெட்கத்தை மூடிவிடுமா?

அன்றியும், ரோபோ முறை பெரும்பாலும் யாருக்கு நடக்கிறதென்று பாருங்கள். உயிரோடுள்ள உறவினர் கொடுக்க, நாள் குறித்து, பணம் கட்டிச் செய்துகொள்வோர்க்கே அது அதிகமாய் நடக்கிறது. இறந்தவரிடமிருந்து வரும் உறுப்பு நள்ளிரவில் வரும், நாள் பார்க்காது, அந்நேரத்தில் யந்திரமும் அதற்குப் பழகிய ஆட்களும் ஆயத்தமாய் இருப்பது அரிது. எனவே ஏழைக்கு இந்த யந்திரத்தின் பயன் இன்னும் எட்டாத கனி என்பது மெய்யே.

ஆனால் இந்த மெய்யிலிருந்து பெறவேண்டிய முடிவு எது? "ஆகவே கொடாதிருப்போம்" என்பதா? அன்று. இறந்தவர் தாமே முன்வந்து கொடாத நாட்டிலேதான் உயிரோடுள்ள ஏழை விற்கிறான். சந்தையில் தானியம் இல்லாதபோதே கள்ளச் சந்தை கொழுக்கும். இறந்தபின் இலவசமாகக் கொடுப்பதும், அரசாங்கப் பதிவேட்டின் முறைப்படி பணக்காரன் ஏழையென்று பாராமல் வழங்குவதுமே தரகனின் தொழிலைப் பட்டினி போடும் வழி. யந்திரத்தையும் பொது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்படி கேட்போம். சென்னை ஓமந்தூரார் அரசினர் ஆஸ்பத்திரியில் 2022-ம் வருஷத்தில் அரசாங்கச் செலவிலேயே ரோபோ ரண சிகிச்சை தொடங்கப்பட்டது. அதுவே சரியான வழி. யந்திரம் வரும்வரையில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 1975-ம் வருஷத்துப் பழைய கத்தியும் ஊசியும் இன்றும் சிறுநீரகத்தைச் செவ்வனே பொருத்துகின்றன. ரோபோ நீளத் தழும்பைச் சிறிதாக்குகிறது, அவ்வளவே. உயிரைக் காப்பது கொடுப்பவனின் மனம்.

மனம் மாறாதென்று சோர்வோர்க்கு ஓர் உதாரணம் சொல்வோம். 2008-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்து வைத்தியத் தம்பதியரின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளை மரணம் அடைந்தான். பெற்றோர் அவனுடைய உறுப்புக்களைத் தானம் செய்தனர். அவன் இருதயத்தைச் சுமந்து சென்ற வண்டிக்காகச் சென்னையின் போக்குவரத்தையே போலீசார் ஒதுக்கி வழிவிட்டனர். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அதனால் உயிர் பெற்றாள். அந்த ஒரு தாய் தந்தையின் செயலால் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் துணிவு கொண்டன. 2023-ம் வருஷத்தில், உறுப்புத் தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடத்தப்படும் என்று தமிழ்நாட்டு முதல் மந்திரி அறிவித்தார். அதே மொழி பேசி, அதே தெய்வங்களைக் கும்பிட்டு, அதே சாங்கியங்களைச் செய்யும் ஜனங்கள்தாமே அவர்களும்? அங்கே கூடியது இங்கே கூடாதென்றால், குறை மதத்தில் இல்லை. நம் சோம்பலில் இருக்கிறது.

ஆகவே, உலு திராம் வாசிகளுக்கும், பால்மரம் போய்ச் செம்பனையும் தாமான்களுமாய் மாறிவிட்ட ஜோகூர்த் தோட்டப் பகுதிகளில் வாழும் நம்மவர் அனைவர்க்கும் சொல்கிறோம். மைசெஜாத்ரா செயலியின் வழியாக உறுப்புத் தான உறுதிமொழியைப் பதிய அதிக நேரம் செல்லாது. ஆனால் பதிவு மட்டும் போதாது. அன்றிரவே சாப்பாட்டு வேளையில் மனைவி, மக்கள், தாய், தந்தை அனைவர் காதிலும் விழும்படி, "நான் போனால் பயன்படுவதை எடுத்துக் கொடுங்கள், மாமன் மச்சான் யார் தடுத்தாலும் கேளாதீர்கள்" என்று சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் சாவு வருமென்று வாயை மூடாதீர்கள். பேசாதவர் வீட்டுக்கும் அது வரத்தான் செய்கிறது. கோயில் நிர்வாகத்தார் திருவிழாக் கூட்டத்தில் அன்னதானத்துக்கு ஒதுக்கும் மேடையில் இதற்கும் ஒரு கால்மணி ஒதுக்கட்டும். கருமாதிப் பத்திரிகை அச்சிடுவோர், இறந்தவர் யாருக்கு என்ன கொடுத்தார் என்று ஒரு வரி சேர்க்கும் காலம் வரட்டும். பெண்மக்கள் இதில் முன்னிற்க வேண்டும்; ஏனெனில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கடைசியில் தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் தாயின் கண்ணீரே.

கொடுக்க மனமில்லாதவர் ஒன்று செய்வார்களாக: தமக்கோ தம் பிள்ளைக்கோ சிறுநீரகம் கெட்டால், பிறர் உறுப்பு வேண்டாமென்று இன்றே எழுதிக் கொடுப்பார்களாக. உடம்பு முழுசாக இருக்க வேண்டுமென்பது உண்மையான கொள்கையானால், அந்நியன் உறுப்பைத் தம் உடம்பில் சேர்ப்பதும் அக்கொள்கைக்கு விரோதமே. அப்படி எழுதித் தர ஒருவரும் துணியார் என்பதை நாம் அறிவோம். வாங்க ஆயத்தம், கொடுக்க மட்டும் சாஸ்திரம் தடுக்கிறதென்னும் வழக்கு நெடுநாள் நிற்காது.

ரியாத்திலும் நியூயார்க்கிலும் யந்திரக் கை அசைகிறது. அதைக் கண்டு தட்டிய கையைச் சற்றே நிறுத்தி, அந்தக் கையாலேயே நம்மவர் உறுதிமொழியில் கையொப்பம் செய்வார்களாக.